பெண்கள் கார்

1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் ‘முடிதிருத்தும் பெண்களின் கார்’ என்று கிண்டலடிப்பார்கள். பெண்கள் ஓட்டும் கார் என்றாலே மதிப்புக் குறைவு. அதற்கே உதிரிபாகம் வாங்கப் போனால், “உங்கள் கணவர் வைத்திருப்பது எந்த மாடல்?” என்கிறார்கள். ஓட்டினால் பெண்கள் கார். கழற்றினால் ஆண்கள் கார்.

என்னுடையது 1.6 லிட்டர். துணிக்கூரையின் மழைநீர் வடியும் துளை அடைபட்டு, கதவுக்குக் கீழேயுள்ள சட்டம் உள்ளிருந்தே துருப்பிடித்திருந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். 1.8 லிட்டர் மாடலின் பிரேக்கைப் பொருத்தினேன். முன்சக்கர டிஸ்க் 235 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆனது.

இவற்றைவிடக் கடினம், நேரத்தைக் கேட்டு வாங்கியது. ஆணின் சனிக்கிழமை கராஜில் கழிந்தால் பொழுதுபோக்கு. என்னுடையது கழிந்தால் ‘வீட்டைக் கவனிப்பதில்லை’. இப்போது சனிக்கிழமைச் சமையல் என் வேலையில்லை.