தேரியின் நிறமும் தோலின் நிறமும்

குலசேகரன்பட்டினத்தின் அருகே விரிந்து கிடக்கும் தேரிக்காட்டை அதன் பனைகளோடு அக்ரிலிக் வண்ணத்தில் தீட்ட என் பத்து வயது மகள் விரும்பினாள். பெட்டியிலிருந்த சிவப்பை அப்படியே பூசியபோது மண்ணின் சாயல் வரவில்லை. தேரி மணலின் சிவப்பு, துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் உண்டானது; சற்றே பழுப்பேறியது. ஆகவே சிவப்போடு மஞ்சளைக் கலந்து, அதில் ஊசிமுனையளவு நீலம் சேர்த்தோம். சிவப்பின் பகட்டு அடங்கி மண் தோன்றியது. நண்பகல் வெயிலுக்குச் சிறிது வெள்ளையும் மஞ்சளும். அந்திக்கு இன்னும் ஒரு துளி நீலம்.

அக்ரிலிக்கிற்கு ஓர் இயல்பு உண்டு. ஈரமாயிருக்கையில் அதன் பசை பால்போல் வெளுத்திருக்கும்; உலர்ந்ததும் தெளிந்துவிடும். எனவே பூசும்போது கண்டதைவிட உலர்ந்த நிறம் சற்று அடர்ந்திருக்கும். வேறொரு தாளில் பூசி, உலரவிட்டுப் பார்த்த பின்னரே கலவையை முடிவு செய்ய வேண்டும். உலர்ந்தபின் அது நீரில் கரையாது. தோலின் மேல் ஏடாகப் படிந்து நீரைத் தடுக்கும். ஆதலால் உளூச் செய்யுமுன் அதைத் தேய்த்து நீக்கிவிடப் பிள்ளைகளைப் பழக்குவது நலம்.

அந்தப் பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று பெயரிட்ட வண்ணம் ஒன்றும் இருந்தது. வெளிறிய இளஞ்சிவப்பு. மகள் அதைத் தன் முன்கையருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இது யாருடைய தோல், வாப்பா?” என்றாள்.

அவள் கேட்டதன் காரணம் எனக்குத் தெரியும். முந்திய வாரம்தான் என் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், மார்க்கப் பற்றும் படிப்பும் பிடித்திருந்தும், “பெண் கொஞ்சம் நிறம் குறைவு” என்று சம்பந்தத்தைக் கைவிட்டிருந்தனர். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது.

தேரிக்குக் கலந்த அதே சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளையைக் கொண்டு அவள் கையின் நிறத்தைக் கலக்கச் சொன்னேன். பிறகு அவள் உம்மாவின் நிறம்; என் நிறம்; தங்கை மகளின் நிறம். அளவுகள்தாம் மாறின. எடுத்த வண்ணங்கள் அந்த நான்கே.

பூமி முழுவதிலிருந்தும் எடுக்கப்பட்ட ஒரு பிடி மண்ணால் ஆதம் (அலை) அவர்கள் படைக்கப்பட்டார்கள் என்றும், அதனாலேயே அவர்களுடைய மக்கள் சிவப்பாகவும் வெள்ளையாகவும் கறுப்பாகவும் இவற்றுக்கு இடைப்பட்டும் பிறந்தார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காண்கிறோம். நம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் சூரத்துர் ரூமின் 22ஆம் வசனத்தில் எண்ணுகிறான். அவன் அத்தாட்சி என்றதை நாம் குறை என்கிறோம்.

பெண் பார்க்கும் வீடுகளில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாம் சொல்லும் ஒரு சொல், நம் வீட்டுச் சிறுமி கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அவள் நினைவில் எழக்கூடும். சம்பந்தம் பேசுமுன் அந்தச் சொல்லை நம் நாவிலிருந்து நீக்குவோம். அல்லாஹ் நமக்கு அதற்கான தௌஃபீக்கைத் தருவானாக, ஆமீன்.