முள்ளோடை வரை தமிழ்நாடு

காரைக்காலின் நிர்வாக வரலாறு ஒரு வரிக்குள் அடங்கிவிடும்: 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1954 நவம்பர் 1-இல் இந்தியாவோடு சேர்ந்தது. சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர்.

ஊரைப் பார்க்க ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவுக்கு வரவேண்டும். பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் பவழக்கால் சப்பரத்தில் பாரதியார் சாலை வழியே வரும்போது மாடி, திண்ணை என்று எல்லாப் பக்கமிருந்தும் மாம்பழம் பறக்கும். பிள்ளை வரம் கேட்டு முந்தானையை விரித்தபடி பெண்கள் நிற்பார்கள். கல்லாமணி ரகப் பழம் ஒன்று தோளில் வந்து விழுந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. சிவனடியாருக்குக் காரைக்கால் அம்மையார் எடுத்துப் போட்ட பழமாயிற்றே!

2022-இல் அந்தப் பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான், ஜூலை 3 அன்று, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். காலரா! வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 1,500-க்கும் மேல். பள்ளிகளை மூடினார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள், குடிநீர்க் குழாய்க் கசிவைத் தேடினார்கள். ஆற்றோரத்து ஊரில் குழாய்த் தண்ணீரைக் கண்டு பயந்தோம்.

காலராவையாவது உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம். தலைக்காயம், மாரடைப்பு என்றால் "ஜிப்மருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்பார்கள். உடனே யார் கூடப் போவது, கையில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். ஜிப்மர் இருக்கும் புதுச்சேரி இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். பூவம் தாண்டியதும் தமிழ்நாடு. தரங்கம்பாடி, சீர்காழி, கொள்ளிடம் பாலம், சிதம்பரம், கடலூர் எல்லாம் கடந்து முள்ளோடைக்கு வந்தால்தான் மறுபடி நம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். அதற்குள் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருக்கும் மைத்துனனுக்குக் கை மரத்துவிடும்.

பக்கத்திலேயே திருவாரூரில் 2010-இலும், நாகைக்காக ஒரத்தூரில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. அவசரத்துக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை பெறத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும். நம் கார்டு புதுச்சேரி கார்டு.

2016-இல் ஜிப்மரின் கிளைக் கல்லூரி காரைக்காலுக்கே வந்தது. டாக்டருக்குப் படிக்கப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். நோயாளி புதுச்சேரிக்குப் போகிறார். இதை முன்னேற்றம் என்று விழா மேடையில் சொன்னால் கைதட்ட மனசு வரவில்லை. எல்லையில் சாராய பாட்டிலைத் தேட வண்டியை நிறுத்துகிறார்கள். அந்த அக்கறையில் கால்வாசியாவது காட்டி, காரைக்கால் நோயாளிக்குத் திருவாரூரிலும் ஒரத்தூரிலும் அவர் கார்டே செல்லும் என்று இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன?