எத்தனை 'கிளிக்' இறுக்குவது?

யாதவகிரியில் 1960-இல் தொடங்கி 1996-இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா ஆலையின் வண்டிகளை மைசூருத் தெருக்களில் இன்றும் காணலாம். பழைய ஜாவாவின் ஹேண்டில்பார் நடுவே கரிய குமிழ் ஒன்று இருக்கும். பலர் அதை அலங்காரம் என்றே எண்ணுகின்றனர். அது ஸ்டியரிங் டேம்பர். திருகினால் உள்ளே உராய்வுத் தட்டுகள் இறுகும்; முன்சக்கரம் வெடுக்கெனத் திரும்பாது. ஆனால் உராய்வு வேகம் பார்ப்பதில்லை. நாம் மெல்லத் திருப்பினாலும், வழியிலுள்ள கல் திருப்பினாலும் ஏறத்தாழ அதே எதிர்ப்புதான். பின்னர் வந்த எண்ணெய் டேம்பர் இந்தக் குறையைத் தீர்த்தது. சிறு துளை வழியே எண்ணெய் பிதுங்கிச் செல்லவேண்டியிருப்பதால், திருப்பும் வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுகிறது.

என் தம்பி மண்பாதையில் பைக் ஓட்டுபவன். சென்ற ஆண்டு ஒரு சரிவில் ஹேண்டில்பார் இருபுறமும் மாறிமாறி அடித்து அவனைத் தூக்கி எறிந்தது. வலது மணிக்கட்டில் முறிவு. குணமானதும் மீண்டும் வண்டி ஏறிவிட்டான். அம்மா அவனிடம் அதுபற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். என்னிடம் மட்டும், "நீ அதைத்தானே படிக்கிற? அது ஆடாம பண்ணிக் குடு" என்றார்.

இருசக்கர வண்டிகளின் நிலைப்பே என் ஆய்வுப் பொருள். 1971-இல் ராபின் ஷார்ப் எழுதிய கட்டுரையை இத்துறையினர் அறிவர். முன்சக்கரம் மட்டும் விரைந்து துடிப்பது 'வாபிள்'. வண்டி முழுதும் பாம்புபோல் நெளிவது 'வீவ்'. டேம்பரை இறுக்கினால் முன்னது அடங்கும். மிகுவேகத்தில் பின்னது வலுக்கக்கூடும். ஆகவே முழுக்க இறுக்கிவிட்டால் பாதுகாப்பு என்று கருத இடமில்லை.

நஞ்சன்கூடு சாலையோரப் பட்டறையில் டேம்பரைப் பொருத்திய மெக்கானிக், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பெட்டியைத் திறக்குமுன்பே, "டேம்பர் கெடக்கட்டும் சார், மொதல்ல கோன்செட்டப் பாருங்க" என்றார். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். மெல்லிய 'டக்' ஒலி கேட்டது. கோன்செட் தளர்ந்திருந்தால் டேம்பர் நோயை மறைக்குமே தவிர நீக்காது. என் கணினி மாதிரியில் தளர்ந்த கோன்செட்டுக்கு மாறியே கிடையாது! அதை இறுக்கி, டயர் காற்றையும் ஸ்போக்குகளையும் சரிபார்த்த பின்னரே டேம்பருக்கு வந்தோம்.

வருணாவுக்கு அப்பால் ஒரு செம்மண் தடம். முழுதும் தளர்த்திய நிலையைச் சுழியமாகக் கொண்டு, இரண்டிரண்டு கிளிக்காகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அதே தூரத்தை ஓட்டச் சொன்னேன். எண்ணெய் சூடானால் இளகும் என்பதால் முதல் இரு ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறில், வண்டித் தடத்துக் குழிகளில் ஹேண்டில்பார் அமைதியாக இருந்தது. எட்டில் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பத்தில், மணல் திட்டில் திருத்தித் திருத்தி ஓட்ட முடியாமல் நின்றுவிட்டான். "யாரோ ஹேண்டிலப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கற மாதிரி இருக்குண்ணே" என்றான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்; நான் பார்ப்பதைக் கண்டு நிறுத்தினான்.

சிக்கலே அங்குதான். கல்லின் அடியிலிருந்து அந்த மணிக்கட்டைக் காக்கும் எதிர்ப்புதான், ஒவ்வொரு வளைவிலும் அதே மணிக்கட்டைச் சோர்வடையவும் செய்கிறது. சோர்ந்த கை பிடியைத் தளர்த்திவிடும். எந்தச் சமன்பாட்டிலும் நான் மணிக்கட்டை எழுதியதில்லை. ஓட்டுநரைப் பெரும்பாலும் விறைத்த ஒரு நிறையாகவே கொள்கிறோம். இறுதியில் ஏழில் நிறுத்தினோம். அதிலும் ஒருமுறை லேசாக ஆடியது; தானே அடங்கியது.

இரவு அம்மா கேட்டார். ஏழு என்றேன்.

"பத்துக்கு ஏழா?"

"இருபதுக்கும்மா."

"அப்ப இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்ல?"