குமரிக் கரையின் சிறு படகுகள்

கன்னியாகுமரியிலிருந்து மேற்கு நோக்கிக் கடலோரமாகவே சென்றால், கேரள எல்லையை ஒட்டிய நீரோடி வரையில், ஊருக்கு ஊர் ஒரு கோயிற் கோபுரமும், அதனருகே தென்னை நிழலும், நிழலில் வரிசையாகக் கிடக்கும் படகுகளும் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். கோவளம், மணக்குடி, பள்ளம், முட்டம், கடியபட்டணம், குளச்சல், குறும்பனை, இனயம், தூத்தூர் என்று ஊர்கள் தொடர்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றோர் ஊர் எங்கே தொடங்கியது என்பதைக் கோவில் கொடிமரத்தைக் கொண்டே அறிய வேண்டும்.

வெளியூரார் முட்டத்துக்கு வருவர், பாறைமேல் நின்று கதிரவன் மறைவதைக் காண்பர், கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்ப்பர், திரும்பிவிடுவர். கீழே மணலில் கிடக்கும் படகின் அருகே சென்று, "ஐயா, இதை வைத்துக் காப்பாற்றுவது எப்படி?" என்று கேட்போர் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இக்கரையில் சில நாள்கள் நடந்தோம். கேட்டவற்றையும் கண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். கடலோரக் குடும்பத்தார்க்கு இதில் புதுமை அதிகம் இராது. ஆயினும் முதற் படகு வாங்க எண்ணும் இளைஞர்க்கு இது பயன்படலாம். உள்நாட்டு அன்பர்களுக்கோ, தம் தட்டில் விழும் சாளை மீனின் பின்னால் எவ்வளவு கவலை இருக்கிறது என்பது விளங்கும்.

மரமும் பலகையும் இழையும்

முன்னாளில் இக்கரையின் கலம் கட்டுமரமே. சில மரத்துண்டங்களைச் செதுக்கிச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கலம் முடிந்தது. ஆங்கில மொழிக்கே தன் பெயரைக் கடனாகக் கொடுத்த கலம் அது. அதில் ஏறும் நீர் இடுக்குகள் வழியே தானே வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை, கவிழ்ந்தாலும் மூழ்காது. அதன் குறை ஒன்றே: மரம் நீரைக் குடித்துக் கனத்துவிடும். ஆகையால் கரை வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் உலர்த்துவர். அதனினும் பெரிய குறை உடல் வருத்தம். துடுப்பும் பாயும் கொண்டு செல்லக்கூடிய தொலைவுக்குமேல் மீனைத் தேடிச் செல்ல இயலாது.

1970-களில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் படகு கட்டும் நிலையம் ஒன்றை நடத்தியது. பெல்ஜிய நாட்டவரான பியர் கிலே என்பார் மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். அலையைக் கடக்க வேண்டும், கடற்கரை மணலில் இழுபட வேண்டும், ஏழையின் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்ற மூன்று தேவைகளையும் ஒரு படகில் பொருத்துவது எத்துணைக் கடினம் என்பதை 1985-இல் அவர் ஆங்கில நூலாகவே எழுதினார். பின்னர் வெளிப்பொருத்து எந்திரங்கள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் துயர்துடைப்பாகக் கிடைத்த படகுகளுள் மிகப் பல இந்த 'பைபர்' படகுகளே. கட்டுமரம் அருகிவிட்டது. தோள்வலி குறைந்தது, ஆனால் எண்ணெய்க் கடன் கூடிற்று.

வாங்குமுன் தட்டிப் பார்க்க

படகு என்று ஒரு சொல்லாகச் சொல்கிறோம். ஆனால் உடம்பு, எந்திரம், வலை என்று மூன்று பொருள்கள் அதில் உண்டு. மூன்றுக்கும் மூன்று விலை. உடம்பை வாங்கிவிட்டு எந்திரத்துக்குக் கடனும், வலைக்கு வட்டியுமாக அலையும் இளைஞர் பலர். மூன்றையும் கூட்டிப் பார்த்து, அதன்மேல் முதல் சில மாதச் செலவையும் கையில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும் என்பது மூத்தோர் சொல்லும் முதல் விதி.

பழைய படகு வாங்குவோர்க்கு அவர்கள் சொல்லும் சோதனை எளியது. ஒரு நாணயத்தால் படகின் பக்கங்களைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். கணீரென்று கேட்டால் நன்று; மொத்தென்று கேட்டால், உள்ளே இழை அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள். மணலில் உராயும் அடிப்பகுதியையும், எந்திரத்தைத் தாங்கும் பின்பலகையையும் குனிந்து பார்க்க வேண்டும். காற்றறைகளைத் திறந்து பார்த்து உள்ளே நீர் நிற்கிறதா என்று அறிய வேண்டும். நீர் புகுந்தாலும் படகு முழுகிவிடாமல் காப்பது அந்த அறைகளும் அவற்றில் அடைத்த நுரைப்பொருளுமே. அவை நனைந்துவிட்டால் கட்டுமரத்துக்கு இருந்த காப்பு பைபர் படகுக்கு இல்லை.

வெடிப்பைச் சரிசெய்யக் காலமும் உண்டு. பழுதைத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, அதன் பின்னரே இழைத்துணியும் பிசினும் இட வேண்டும். ஈரக்காற்று வீசும் ஆனி, ஆடியில் அவசரமாக ஒட்டிய ஒட்டு அடுத்த பருவத்தில் பெயர்ந்துவிடும். பதிவுத்தாள் விற்பவர் பெயரில் இருக்கிறதா, மீன்வளத் துறையில் பெயர் மாற்றம் ஆகுமா என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்னரே கேட்டறிய வேண்டும். பதிவில்லாத படகுக்கு மானியமும் இல்லை. இழப்பு நேர்ந்தால் நிவாரணம் கேட்க வாயும் இல்லை.

எந்திரத்தின் பிடிவாதம்

"மனைவியின் கோபம் மாலையில் தணியும், எந்திரத்தின் கோபம் நடுக்கடலில்தான் தொடங்கும்" என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அருகில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவியாரும் சிரித்தார், ஆனால் மறுமொழி கூறாமல் விடவில்லை: "தண்ணி கலந்த எண்ணெய ஊத்தினா எதுக்குத்தான் கோவம் வராது?"

அம்மையார் கூற்றில் உண்மை இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் எந்திரங்களே இக்கரையில் நெடுங்காலம் பெருவழக்கு. பெட்ரோலில் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரை சேருமுன் மீண்டும் சிறிது பெட்ரோலில் ஓடவிட்டு நிறுத்தினால், மறுநாள் காலை இழுத்தவுடன் எழும். இதைச் சோம்பி விடுவோர் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சலிப்பர். எண்ணெயைத் துணியிலோ வடிகட்டியிலோ வடித்தே ஊற்ற வேண்டும். ஒரு கைப்பிடி நீர் போதும், எந்திரம் நின்றுவிடும்.

ஓர் ஊரில் கேட்ட நிகழ்ச்சி இது. கரை கண்ணுக்கு மறைந்த தொலைவில் எந்திரம் நின்றது. படகில் புதிய 'பிளக்' இருந்தது. அதைக் கழற்றி மாட்டும் சாவி வீட்டுத் திண்ணையில் இருந்தது. நான்கு ஆடவர், ஒரு நங்கூரம், ஒரு குடம் தண்ணீர். மாலையில் வேறொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. அன்றிலிருந்து அவர்கள் சாவியைக் கயிற்றில் கோத்துப் படகிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். மற்றொரு படகில் சொந்த வலையின் கயிறே சுழலியில் சுற்றிக்கொண்டது. எந்திரத்தை நிறுத்தாமல் அதை எடுக்க முயன்றவர் விரலை இழந்தார். இழுவலையும் சுழலியும் ஒரே பக்கத்தில் இருக்கையில், எந்திரம் நின்றபின்னரே கை நீட்ட வேண்டும் என்பது அங்கே சிறுவர்க்கும் தெரிந்த பாடம்.

கரைக்கு வந்ததும் நல்ல நீரில் எந்திரத்தை ஓடவிட்டு உப்பைக் கழுவுதல், மாற்றுப் பிளக், கத்தி, சிறு துடுப்பு, நீர் இறைக்கும் குவளை ஆகியவற்றைப் படகை விட்டு எடுக்காதிருத்தல் ஆகிய பழக்கங்களுக்குப் பணம் தேவையில்லை. படகின் அடியில் நீர் வடியும் துளைக்கு ஒரு தக்கை உண்டு. கரையில் மழைநீர் வடிவதற்காக அதைத் திறந்துவைத்து, மறந்து கடலில் தள்ளியவர் கதை இல்லாத ஊர் ஒன்றையும் நாம் காணவில்லை.

அலைவாயில்

நடுக்கடலைவிடக் கரையே கொடியது என்பர் இங்குள்ளார். துறைமுகம் இல்லாத ஊர்களில் படகை அலைகளின் ஊடே தள்ளி ஏற்ற வேண்டும். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. சில பெரிய அலைகள் கூட்டமாக வந்தபின் சிறிது ஓய்வு உண்டு. மூத்தவர் கரையில் நின்று அந்த ஓய்வுக்காகக் காத்திருப்பார். அவர் கை அசைந்ததும் அணியம் அலைக்கு நேராக இருக்கும்படி எல்லோரும் ஒருசேரத் தள்ளுவர். படகு பக்கவாட்டில் திரும்பினால் அடுத்த அலை அதைப் புரட்டிவிடும். திரும்பி வரும்போதும் இதே பொறுமை வேண்டும். ஆழம் குறைந்ததும் எந்திரத்தைத் தூக்கிவிட வேண்டும். இல்லையேல் சுழலி மணலில் மோதி உடையும்.

கடலரிப்பைத் தடுக்கப் பல ஊர்களில் கற்களைக் குவித்துத் 'தூண்டில் வளைவு' அமைத்திருக்கிறார்கள். அதன் அணைப்பில் சில ஊர்களுக்குப் படகு கரையேற்றும் இடம் கிடைத்தது. ஆனால் ஓரிடத்தில் தடுத்த மணல் மற்றோரிடத்தில் அரிக்கும். முகத்துவாரங்களில் திட்டாகவும் சேரும். ஆகையால் சென்ற ஆண்டு தெரிந்த வழி இவ்வாண்டும் வழியாக இருக்கும் என்று நம்பி நுழையலாகாது.

வானத்தின் சொல்

திசைக்கருவி வருமுன் இக்கரையார் மலையையும் கோபுரத்தையும் கொண்டே கடலில் இடம் குறித்தனர். ஒரு கோயிற் கோபுரம் ஒரு மலைமுகட்டோடு நேர்ப்பட வேண்டும். மற்றொரு பக்கம் வேறு இரு அடையாளங்கள் நேர்ப்பட வேண்டும். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் மீன் தங்கும் 'பார்' இருக்கும். கச்சான் காற்று, கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டு, நீவாடு எனும் நீரோட்டத்தின் போக்கையும் கணித்தனர். இன்று ஜி.பி.எஸ். கருவி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் மின்கலம் தீர்ந்தால் கருவி ஊமை. இளைஞர் இரண்டையும் கற்க வேண்டும் என்பதே முதியோர் வேண்டுகோள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கடலில் உருவெடுத்தபோது, ஏற்கெனவே கடலுக்குச் சென்றிருந்தோர்க்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர்ப் பகுதி ஊர்கள் இழந்த ஆடவர் பலர். அந்தக் கார்த்திகை மாதத்தைப் பற்றி அங்கே எவரும் உரத்துப் பேசுவதில்லை. சிறு படகினர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடங்கள் சில உண்டு. புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்பது. எத்திசையில், எவரோடு செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிச் செல்வது. தனிப் படகாகச் செல்லாமல் துணைப் படகோடு செல்வது. கடலோரக் காவற்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற இரு எண்களை வீட்டுச் சுவரில் எழுதிவைத்திருக்கும் இல்லங்களைக் கண்டோம்.

உயிர்காப்புச் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலை இழுக்கத் தடையாகிறது, வெயிலில் புழுங்குகிறது என்று அதைக் காற்றறையில் திணித்துவைப்போர் மிகுதி. தடையும் புழுக்கமும் உண்மையே. ஆயினும் அலைவாயைக் கடக்கும் சில மணித்துளிகளிலாவது அதை அணிவது அரிய செயலன்று. படகு கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

வீட்டின் கணக்கு

படகு கடலில் ஓடினாலும் அதன் கணக்கு வீட்டில்தான் ஓடுகிறது. மீன் விற்ற பணத்தில் எண்ணெய், பனிக்கட்டி, உணவுச் செலவைக் கழிப்பர். எஞ்சியதைப் படகு, எந்திரம், வலைக்கு ஒரு பகுதியும், தொழிலாளர்க்கு ஒரு பகுதியுமாகப் பங்கிடுவர். விகிதம் ஊருக்கு ஊர் வேறுபடும். மீன் இல்லாத நாளில் எண்ணெய்ச் செலவு மட்டும் உடையவர் தலையில் விழும். படகின் பங்கை வீட்டுச் செலவோடு கலந்துவிடுவதே பலரை வீழ்த்தும் பிழை என்று ஓர் அன்னையார் விளக்கினார். அவர் மூன்று தகரப் பெட்டிகள் வைத்திருந்தார்: ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடனுக்கு, ஒன்று எந்திரத்துக்கு. "எஞ்சின் பெட்டியில கைவச்சா அடுத்தது என் தாலியிலதான் கைவைக்கணும்" என்றார்.

வியாபாரியிடம் முன்பணம் பெற்றுப் படகு வாங்கினால், பிடிக்கும் மீனை அவரிடமே, அவர் சொல்லும் கழிவுக்கே கொடுக்க வேண்டிவரும். கடன் வட்டியாகத் தோன்றாது. ஒவ்வொரு நாள் விலையிலும் கரைந்து போகும். இதனை மாற்றவே கரையோர ஊர்களில் மீனவர் சங்கங்கள் எழுந்தன. 1980-இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பாக இணைந்தன. மீனைச் சங்கமே ஏலமிட்டு, கடனையும் சேமிப்பையும் அன்றன்றே பிடித்துக்கொள்ளும் முறை அது. நகையை அடகுவைக்குமுன் தம் ஊர்ச் சங்கத்தில் ஒருமுறை கேட்பது நலம்.

புதுப்படகை மந்திரித்துத் தருமாறு பங்குத் தந்தையை அழைக்காத வீடு இக்கரையில் இல்லை. அந்தோணியார், சவேரியார், ஆரோக்கிய அன்னை என்று திருப்பெயர்கள் அணியத்தில் பளிச்சிடும். அந்நாளில் உறவினர் கூடுவர், இனிப்பு வழங்குவர். அவ்விருந்துச் செலவில் ஒரு சிறு பகுதியை எடுத்து, படகேறும் ஆள் ஒவ்வொருவர்க்கும் ஓர் உயிர்காப்புச் சட்டை வாங்கி, அவற்றையும் படகோடு வைத்தே மந்திரிக்கச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கணவரையும் மக்களையும் கடலுக்கு அனுப்பிவிட்டு விடியலில் கரையில் காத்து நிற்கும் பெண்கள் இதை முன்னின்று கேட்கலாம். அவர்கள் கேட்டால் மறுப்பவர் எவரும் இரார்.