அக்காவும் பட்டன் டயரும்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம், தோட்டத்து வீட்டு வாசலில் அக்கா வழுக்கி விழுந்துவிட்டார். வயது 78. எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பில்தான் அடி என்று பார்த்த உடனே தெரிந்தது.

எங்கள் தோட்டம் சேந்தமங்கலத்துக்கும் கொல்லிமலை அடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 400 மீட்டர் வண்டித்தடம். இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, நடுவில் களிமண். வெயில் காலத்தில் சைக்கிளே போகும். மழை பிடித்தால் மாடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். 108-க்குச் சொன்னோம். ஆம்புலன்ஸ் வந்து தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அங்கே வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

நம்மிடம்தான் 'தார்' ஜீப்பு இருக்கிறதே, 2014-இல் வாங்கியது, ஃபோர் வீல் வண்டியாயிற்றே என்ற தைரியம். அக்காவைப் பலகையோடு பின்னால் படுக்க வைத்து மகன் ஓட்டினான். பாதித் தடம் தாண்டவில்லை, நின்றுவிட்டது. ஃபோர் வீல் போட்டும் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் சும்மா சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. வண்டி இன்னும் நாலு விரல் அளவு இறங்கியதுதான் மிச்சம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டர் கொண்டுவந்து கயிறு கட்டி இழுக்க 40 நிமிஷம் ஆயிற்று. அக்கா அந்த நேரம் முழுக்க வாயே திறக்கவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதில் என் குற்றம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்பே மகன், "அப்பா, இந்த டயர் நம்ம தடத்துக்கு ஆகாதுங்க, மட் டயர் மாத்திடலாம்" என்றான். சினிமாக்காரன் வண்டி மாதிரி எதற்கு என்று நான்தான் தட்டிக்கழித்தேன். "நாமக்கல்காரனுக்கு டயரைப் பத்திப் பாடம் எடுக்காதே" என்றும் ஒரு வார்த்தை சொன்னேன். லாரி பாடி கட்டுகிற ஊரில் பிறந்தால் டயர் ஞானம் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு!

சேறு என்ன செய்கிறது என்று பிறகு நின்று நிதானமாகப் பார்த்தேன். கம்பெனி டயரின் கோடுகள் குறுகலானவை. அவை தார் ரோட்டில் மழைத்தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. களிமண் அதில் அப்பிக்கொண்டால் டயர் முழுக்க மொழுமொழுவென்று ஆகிவிடுகிறது. அப்புறம் எத்தனை சக்கரம் சுற்றி என்ன பயன்? மட் டயரில் பட்டன்கள் பெரிசு, இடைவெளியும் பெரிசு. சுற்றும்போதே அப்பிய மண்ணை உதறிவிட்டு அடுத்த பிடிக்குத் தயாராகிறது. டிராக்டரின் பின்சக்கரத்தை ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன், இது மண்டையில் ஏறவில்லை.

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். தைப்பொங்கல் கழிந்து நாமக்கல்லில் டயர் கடைக்குப் போனோம். பழையது 235/70 R16. புதியது 245/75 R16. டிஸ்க்கும் மாற்ற வேண்டியிருந்தது, பழையதில் இரண்டு நெளிந்து கிடந்தன. மகனுக்கு அலாய் மேல் ஆசை. நான் இரும்பு டிஸ்க்கே போதும் என்றேன். இரும்பு நெளிந்தால் ஊர்ப் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம், அலாய் விரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐந்து போல்ட்டு, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம். பழைய வில்லிஸ் ஜீப் காலத்து அளவு இன்னும் மாறவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நாலு டயர் போதும், ஸ்டெப்னிக்குப் பழையதே இருக்கட்டும் என்றான் மகன். இங்கேதான் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். கடையிலேயே பேப்பர் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பழைய டயரின் விட்டம் 735 மில்லிமீட்டர், புதியது 774. ஒரு கிலோமீட்டர் போக பழையது 433 சுற்று சுற்ற வேண்டும், புதியதுக்கு 411 போதும். ஃபோர் வீல் போட்டால் இந்த வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் 22 சுற்று அதிகம் கேட்டால், அந்த இழுபறி முழுக்க கியர் பெட்டியின் தலையில்தான் விழும். மேஸ்திரி பேப்பரைப் பார்க்காமலே, "ஐயா சொல்றது சரிங்க, அஞ்சும் ஒரே மாதிரி எடுத்துக்குங்க" என்றார். டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தையும் பார்த்து வாங்கினேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். வருஷக்கணக்காகக் குடோனில் கிடந்ததைப் புதுசு என்று எடுக்கக் கூடாது பாருங்கள்.

மாட்டியதும் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம், எங்கும் உரசவில்லை. நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். 80 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு காரவள்ளியில், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு தொடங்கும் முன்னால், நட்டுகளை மறுபடி முடுக்கினேன். ஒன்று கால் சுற்று உள்ளே போயிற்று. புது டிஸ்க் மாட்டியவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

மகன் சொன்னதெல்லாம் சரி என்றும் இல்லை. தார் ரோட்டில் ஊய்ங் என்று ஒரு இரைச்சல். ஸ்டீரிங் கனமாகிவிட்டது. நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் பழைய டயரை விடத் தள்ளிப்போய்த்தான் நிற்கிறது. சேலம் போகும்போது முன் வண்டிக்கு இரண்டு மடங்கு இடம் விடுகிறேன். ஸ்பீடாமீட்டர் 60 காட்டினால் நிஜத்தில் 63. மைலேஜ் குறைந்தது என்று மகன் புலம்பினான். கிலோமீட்டரே நூற்றுக்கு ஐந்து குறைவாகத்தான் பதிவாகிறது, அதைக் கூட்டிப் பார் என்றேன். கூட்டியும் கொஞ்சம் குறைவுதான். பழைய டயர்களைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடாதபடி ஓட்டை போட்டு, தொழுவத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

வண்டியும் 2 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. என் வீட்டம்மா முதல் நாளே, "ஏனுங்க, மூட்டு வலிக்காரி எப்படி ஏறட்டும்?" என்று கேட்டுவிட்டாள். அதற்காக ஒரு மர முக்காலி செய்து பின்னாலேயே கிடக்கிறது.

இந்த வருஷமும் ஐப்பசி மழை விடவில்லை. போன வாரம் அக்காவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது தடம் முழுக்கச் சேறு. மகன் ஃபோர் வீல் போட்டு, நிறுத்தாமல், அவசரப்படாமல் ஓட்டினான். சேறு கண்ணாடி வரை அடித்தது. அக்கா கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"தம்பி, அன்னைக்கு நின்ன எடம் வந்துருச்சா?"

"தாண்டியாச்சுக்கா. வீடே வந்துருச்சு."

அக்கா கண்ணைத் திறந்து ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, "செரி, அந்த முக்காலிய எறக்கிப் போடு சாமி" என்றார்.