தண்டவாளத்தில் வடக்கிருந்தோர்

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தார்கள் முன்னோர். பொம்மையார்பாளையத்தில் அதற்கு உரை தேவையில்லை. புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டி அணை நீட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் மணல் தடைப்பட்டுப் போயிற்று. கட்டுமரம் ஏற்றிய மேடும் வலை உலர்த்திய வெளியும் அலைக்கு இரையாயின. இழந்ததை எண்ணிப் பழகிய கரை இது. அந்த எண்ணிக்கையில் ஒரு பூனையையும் ஓர் எலியையும் நான் சேர்க்கப்போகிறேன். சிரிப்பவர் சிரிக்கட்டும், அவ்விரண்டும் வேண்டியதும் அதுதான்.

டாமே, ஜெர்ரியே! புரவலன் மாய்ந்தால் பாணர் யாழ் தொட மாட்டார். எங்களிடம் யாழ் இல்லை, ரிமோட்டுதான் இருக்கிறது. நீங்கள் பொன்னும் தேரும் தந்தவர்கள் அல்லர். பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கும், கடலிலிருந்து திரும்பிக் கால் நீட்டிய தகப்பனுக்கும், மீன்கூடையை இறக்கிவைத்த ஆயாவுக்கும் ஒரே நொடியில் ஒரே சிரிப்பைத் தந்தீர்கள். அப்படித் தந்தவர் வேறு எவர்?

1995 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. கேபிள் இழுத்த வீட்டு வாசலில் தெருப்பிள்ளைகள் கூடினர். 2006 முதல் அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கூரைவீட்டுக்குள் வந்தபோது நீங்களும் கூடவே குடிவந்தீர்கள். உங்களைப் பார்க்க ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை, தமிழும் வேண்டியிருக்கவில்லை. இரும்புச் சட்டி முகத்தில் விழுந்தால் முகம் சட்டியாகும். அதற்கு எந்த நாட்டில் மொழிபெயர்ப்பு கேட்பார்கள்?

ஆயினும் நீங்கள் எங்கள் தெருவை அடைந்தபோது, நீங்கள் மாய்ந்து நாற்பது ஆண்டு நெருங்கியிருந்தது. 1940-இல் பிறந்து, வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர் கையில் 114 படங்களாக வளர்ந்து, ஏழு ஆஸ்கர் பெற்ற உங்களை, எம்.ஜி.எம். நிறுவனம் 1957-இல் கைவிட்டது. பழைய படங்களை மறுபடி ஓட்டினாலே புதியதற்கு ஏறக்குறைய ஈடான வருமானம் வருகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள், ஒரு தொலைபேசி அழைப்பில் கார்ட்டூன் கூடத்தை மூடினார்கள். எஞ்சியிருந்த கடைசிப் படம் 1958-இல் வெளிவந்தது. உங்கள் பழம்புகழே உங்களைக் கொன்றது. இன்றைக்கு அதே பழம்புகழை நம்பித்தான் ஆண்டுதோறும் உங்களுக்குப் புது உடல் செய்கிறார்கள்.

எத்தனை உடல்கள்! 1961-62இல் பிராக் நகரில் ஜீன் டைச் குறைந்த செலவில் 13 படங்கள் செய்தார். எதிரொலி கேட்கும் ஓசையும் விறைத்த அசைவுமாக அவை பிள்ளைகளைச் சற்று அச்சுறுத்தின. அடுத்து சக் ஜோன்ஸ் செய்த 34 படங்களில் டாமுக்குப் புருவம் தடித்தது. 1975-இல் உங்களைப் பெற்ற இருவரே, குழந்தைகள் படத்தில் அடிதடி ஆகாது என்ற காலத்துக்கு அஞ்சி, ஜெர்ரியின் கழுத்தில் டை கட்டி, உங்களைத் தோளோடு தோள் சேர்த்து ஊர் சுற்றவிட்டார்கள். 1992-இல் முழுநீளப் படத்தில் உங்களுக்கு வாய் திறந்தது. நீங்கள் பேசினீர்கள், பாடினீர்கள். அதைவிட உங்களை ஊமையாக்கியது வேறொன்றில்லை. 2014-இல் கணினியில் அசையும் தொடர், 2021-இல் மனிதர் நடுவே ஓடவிட்ட திரைப்படம், 2023-இல் சிங்கப்பூரைக் களமாக்கிய சிறு படங்கள்.

எங்கள் கேபிளில் இவற்றில் பல கலந்துதான் வந்தன. பிரித்தறியப் பிள்ளைகளிடம் ஓர் அளவுகோல் இருந்தது. தொடக்கத்தில் பிரெட் குயிம்பி என்ற பெயர் வந்தால் ஆரவாரம், வராவிட்டால் உச்சுக்கொட்டல். அதை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அந்த எழுத்தின் வளைவு தெரியும். குயிம்பியோ தயாரிப்பாளர்; ஒரு கோடும் வரைந்தவரில்லை. ஏழு ஆஸ்கரையும் மேடையேறி வாங்கிக்கொண்டவர் அவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அன்பையும் அவரே வாங்கிக்கொண்டார்.

வலை கோத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "புது வெர்ஷன்ல எல்லாம் பளபளன்னு இருக்குண்ணே. ஆனா அடி விழுந்தா வலிக்க மாட்டேங்குது," என்றார். பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அதே புது வெர்ஷனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா மகன், "மாமா, உனக்கு வயசாயிடுச்சு," என்றான். இருவர் சொன்னதும் உண்மைதான். என்றாலும் நான் மாமன் பக்கம்.

வலிக்காததன் காரணத்தைப் பூனை பியானோ வாசிக்கும் அந்தப் படத்தில் காணலாம். 1946-க்கான ஆஸ்கர் பெற்ற படம் அது. வாலுடைக் கோட்டும் வெண்சட்டையுமாக டாம் அரங்கில் அமர்ந்து லிஸ்ட் இயற்றிய ஹங்கேரிய இசைத்தொடரைத் தொடங்குகிறது. பியானோவுக்குள் சுத்திகளின் மேல் உறங்கும் ஜெர்ரி தூக்கிவீசப்பட்டு எழுகிறது. பிறகு போர். கட்டை இருந்த இடத்தில் எலிப்பொறி முளைக்கிறது. கைக்கு வேறு வேலை வந்ததும் டாமின் கால்விரல் வாசிக்கிறது. இவ்வளவு அமளியிலும் இசை நிற்பதில்லை, பூனையின் விரல் சுரம் தப்பி விழுவதும் அரிது. நொடிக்கு 24 சட்டகம்; இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று வைத்தாலும் ஏழு நிமிடத்துக்கு 5,040 படம், எல்லாம் கையால். எந்தச் சட்டகத்தில் அடி விழ வேண்டும், அதற்கு முன் எத்தனை சட்டகம் மூச்சடக்க வேண்டும் என்று காலம் வகுத்தவர் ஹன்னா. அந்தக் காலக்கணக்குக்கு இசை பின்னியவர் ஸ்காட் பிராட்லி. அம்பா பாடிக் கரைவலை இழுக்கும்போது 'ஏலேலோ' ஒரு நொடி பிந்தினால் கயிறு கையை அறுக்கும். எங்கள் கரையில் பிறந்த காதுக்கு அந்தக் கணக்கு சொல்லாமலே விளங்கும். இன்றைய படங்களில் அடி இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. அந்த ஒரு நொடி மூச்சடக்கம் இல்லை.

பழையதெல்லாம் பொன் என்று நான் பாட வரவில்லை. அந்தப் படங்களில் முகம் காட்டாமல் துடைப்பத்தோடு வரும் கறுப்பினப் பணிப்பெண்ணை வரைந்த விதத்தில் ஓர் இழிவு இருக்கிறது. பிற்காலத்தில் சில படங்களில் அவளை மாற்றி வரைந்தார்கள். அழ வேண்டியதற்கு மட்டும் அழலாம்.

உங்கள் இறப்பைப் பற்றி ஒரு வதந்தியும் உண்டு. கடைசி எபிசோடில் இரண்டும் ரயிலில் விழுந்து செத்துப்போயின என்று வாட்ஸ்அப்பில் சுற்றிச்சுற்றி வருகிறது. அது கடைசிப் படம் அன்று; 1956-இல் வந்த படம், அதன்பின்னும் இரண்டாண்டு வாழ்ந்தீர்கள். ஆனால் காட்சி மெய். காதலித்த வெள்ளைப் பூனை செல்வப் பூனையோடு போய்விட, டாம் தண்டவாளத்தில் போய் அமர்கிறது. நண்பனுக்கு இரங்கி, தன் காதலியை எண்ணி ஆறியிருந்த ஜெர்ரியின் முன்னால் அவளும் புதுமணப்பெண்ணாய் வேறொருவனோடு காரில் கடந்துபோகிறாள். எலி இறங்கிவந்து பூனையருகே அமர்கிறது. தொலைவில் ரயிலின் ஊதல். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்துக்குப் பிசிராந்தையார் வந்து அமர்ந்தது எங்கள் நினைவுக்கு வராமல் போகுமா? இங்கேயோ ஆயுள் முழுதும் துரத்தப்பட்ட பகையே இறுதியில் உடனிருக்க வந்தது. இவ்வளவு துணிவை இன்றைய புதுப்படங்களில் நான் எதிர்பார்ப்பதில்லை.

ஹன்னா 2001-இல் மறைந்தார். டாமின் அலறல் அவர் குரல்தான். 2021 திரைப்படத்தில் பூனை அலறும்போதும் பழைய ஒலிப்பதிவிலிருந்து அவரையே அலறவிட்டார்கள். உடல் கணினியில் பிறந்தது, களம் வேறு, கதையை மனிதர் எடுத்துக்கொண்டார். இறந்து இருபது ஆண்டான மனிதரின் ஓலம் மட்டும் பழையபடி. திரையில் அது கேட்ட கணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தவர் பலர். அதற்கு மேல் நிமிர அந்தப் படத்தில் ஏதுமில்லை.

நண்பனை இழந்த பின்னும் பார்பெரா உங்களை விட்டுவிடவில்லை. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரோடு வாயில்தோறும் நடந்த கபிலரைப் போல, தொண்ணூற்று நான்காம் வயதில் உங்களை அழைத்துக்கொண்டு வந்து, 2005-இல் கராத்தே கார்டு என்றொரு குறும்படத்தை உடனிருந்து இயக்கினார். அடுத்த ஆண்டு அவரும் போனார். தாங்கிப்பிடிக்க ஹன்னா இல்லை, பிராட்லி இல்லை. பல இடம் தள்ளாடும் படம் அது. ஆனாலும் அடி விழுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, பார்ப்பவரின் மூச்சைப் பிடித்துவைத்து, பிறகு விழவிடும் பழைய கணக்கு அதில் இரண்டு மூன்று இடத்திலாவது இருக்கிறது. அதற்குப் பின் வந்தவற்றில் நான் அதைக் காணவில்லை.