ஏலத்தில் எடுத்த மது

தொம்மலூரில் எங்கள் தெருவிலுள்ள நண்பர் ஒருவர், வெளிநாடு செல்லும்போதெல்லாம் ஏலத்தில் இத்தாலியச் சிவப்பு மது எடுத்து வருகிறார். பயணிக்குச் சுங்கச் சலுகை 2 லிட்டரே ஆகையால் ஒரு முறைக்கு இரண்டு புட்டிகள்தாம். நான் மதுவைத் தீண்டாதவன். ஆயினும் அவர் சொல்லக் கேட்பதில் எனக்குப் பிரியமுண்டு.

பரோலோ என்னும் மது நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையினின்று ஆவது. 38 மாதங்களேனும் முதிர்ந்தாலன்றி அதனை விற்கச் சட்டம் இடந்தராது. நல்ல ஆண்டின் புட்டியோ இருபது, முப்பது ஆண்டுகள் குளிர்ந்த நிலவறையில், தக்கை உலராதவாறு படுத்தே கிடக்கும். வெப்பத்தில் சிலகாலம் இருந்துவிட்டால் உள்ளிருப்பது கெடும். புறத்தே பெரும்பாலும் தெரியாது.

ஆகவே ஏலங் கேட்பவர் முதலில் வினவுவது, இதுகாறும் இது யாரிடம், எங்கே இருந்தது என்பதே. பார்சல் பகுதியில் பணிபுரியும் எனக்கு இக்கேள்வி நன்கு விளங்குகிறது. உரியவர் வாராத மூட்டைகளை ரயில்வேயும் ஏலமிடுவதுண்டு. அவை வந்த வழியைப் பதிவேடு சொல்லும். பழைய புட்டிக்கு அத்தகைய ஏடு வாய்ப்பது அரிது. அமெரிக்காவில் ரூடி குர்னியாவான் என்பவர் வீட்டிலேயே மதுவைக் கலந்து, பழம்பெயர்ச் சீட்டு ஒட்டி ஏலத்தில் விற்றார், தேர்ந்தவர்களும் ஏமாந்தனர். 2014-இல் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

மகளின் மேற்படிப்புக்கு இவை உதவும் என்பது நண்பரின் எண்ணம். நம் நாட்டில் உரிமமின்றி மது விற்கலாகாது என்பதை நான் எடுத்துரைத்தேன். மாடியறையின் குளிர்ப்பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படியானால் குடித்துவிட வேண்டியதுதான்" என்றார்.